ஓடுகிற வீட்டுக்கு வயர் இழுத்த கதை

வீட்டுக்கு வயரிங் செய்தவன் வேலை முடிந்ததும் நிம்மதியாகத் தூங்கலாம். ஓடுகிற வீட்டுக்கு வயரிங் செய்தவனுக்கு அந்த வீடு ஊர் திரும்பும்வரை தூக்கம் கிடையாது. டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அலையும் என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கரண்ட் அடிக்கடி போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சிவகாசியில் காலண்டர் வியாபாரம் செய்த அண்ணாச்சி ஒருவர், ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் போய் லாட்ஜ் மூட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்து வெறுத்துப்போனார். வெல்டிங் மாரியப்பனிடம் சொல்லி, ஜீப்பில் கோர்த்து இழுக்கிற மாதிரி கட்டில் போட்ட டிரெய்லர் ஒன்றைச் செய்துகொண்டார். அதன் கூரையில் சோலார் பேனல் வைத்து, உள்ளே ஒரு ஃபேனும் இரண்டு லைட்டும் எரிய வைப்பது என் பொறுப்பு.

புதுக் கூரை

மேலே இருக்கும் பேனலிலிருந்து கீழே இருக்கும் பேட்டரிக்கு வயர் வர ஒரு ஓட்டை வேண்டும் என்றேன். அண்ணாச்சி பதறிப்போனார். "புதுத் தகரம் பாய்! ஜன்னல் வழியா விடுங்க" என்றார். விட்டேன். ஜன்னல் மூடவில்லை. கதவு வழியாக விட்டேன். கதவு நசுக்கியது. மூன்றாம் நாள் மனசில்லாமல் சம்மதித்தார். நான் டிரில்லை வைத்ததும், ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சத்தம் நின்ற பிறகு மெதுவாகச் சொன்னார்:

"போட்டது போட்டீக. இனி இதை ஓட்டைன்னு யாருகிட்டயும் சொல்லாதீக பாய். வயர் வாசல்னு சொல்லுங்க."

குடை

பேனலுக்கு சுவிட்ச் கிடையாது. வெயில் பட்டால் கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும். உச்சி வெயிலில் அதை மறந்து வயரை முடுக்கப் போனேன்; பளிச்சென்று ஒரு பொறி. பிறகு, அச்சில் வீணான காலண்டர் தாள்களைப் பேனல்மேல் பரப்பி, நான்கு பக்கமும் செங்கல் வைத்து வேலையைத் தொடர்ந்தேன். அண்ணாச்சி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"வெயில்ல எங்க அம்புட்டுப் பேருக்கும் மண்டை காயுது. நீங்க பேனலுக்குக் குடை பிடிக்கிறீகளாக்கும்!"

உள்ளே யாரு?

வெம்பக்கோட்டை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். அவசரத்தில் கூரைமேல் வயரை அங்கங்கே டேப்பால் மட்டும் ஒட்டியிருந்தேன். பாதி வழியில் வெயிலுக்குப் பசை இளகி, வயர் கழன்று, காற்றில் தகரத்தை அடிக்க ஆரம்பித்தது. டப், டப், டப். ஜீப்புக்குள் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பைக்கில் இரண்டு பேர் விரட்டி வந்து மறித்தார்கள். யாரையோ உள்ளே அடைத்துக் கடத்துகிறோமாம்! சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

அண்ணாச்சி கதவைத் திறந்து காட்டினார். கட்டிலும் காலண்டர் கட்டும்தான் இருந்தன. ஒரு பெரியவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆளு இல்லைங்கீக, சரி. அப்போ தட்டுனது யாரு?"

ஆலை வாசல்

வயரை அவசரமாக ஒரு கயிற்றால் கட்டிக்கொண்டு திரும்பினோம். வழியில் ஒரு பட்டாசு ஆலை. அண்ணாச்சியின் சம்பந்தி அங்கே போர்மேன். அவரிடம் வண்டியைக் காட்ட வேண்டும் என்று அண்ணாச்சிக்கு ஆசை. வாசலை நெருங்குவதற்குள் போர்மேன் கையை வீசிக்கொண்டே ஓடி வந்தார். கூரையைப் பார்த்தவர், வாசலை விட்டுத் தள்ளி, பொட்டல் காட்டுக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்லிக் கூடவே வந்தார்.

"பன்னெண்டு வோல்ட்டுதாங்க, ஷாக்கூட அடிக்காது" என்றேன். அவர் கூரைமேல் ஏறி, வயரைத் தடவிக்கொண்டே போய், ஓட்டையருகே விரலை நிறுத்தினார். தகர விளிம்பில் உரசி, மேல்தோல் கிழிந்து, உள்ளே செம்பு மின்னியது. விளிம்பில் மாட்ட வேண்டிய ரப்பர் வளையத்தை, சைஸ் கிடைக்கவில்லை என்று நான் மாட்டாமல் விட்டிருந்தேன். எல்லாம் பக்கா என்று அண்ணாச்சியிடம் சொல்லியும் இருந்தேன்.

ஆலைச் சுவருக்குள்ளிருந்து பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் காற்றில் வந்தது. பேனலை அண்ணாச்சியின் துண்டால் மூடி, வயரைக் கழற்றிவிட்டு, வளையம் மாட்டாத விஷயத்தை இருவரிடமும் சொன்னேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்மேன் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்:

"கரண்டு சின்னதா பெருசான்னு எங்க மருந்துக்குத் தெரியாது பாய்."

கிளாம்ப்

மறுநாளே மதுரைக்குப் போய் வளையம் வாங்கி வந்தேன். புது வயரைக் குழாய்க்குள் விட்டு, நான்கு விரல் இடைவெளிக்கு ஒன்றாகக் கூரையின் இரும்புச் சட்டத்தோடு கிளாம்ப் அடித்தேன். ஓட்டையைச் சுற்றிப் பசை பூசி, மேலே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அண்ணாச்சி டிரெய்லரோடு ஆந்திரா பக்கம் கிளம்பினார். அவர் திரும்பும்வரை போன் அடிக்கும்போதெல்லாம் அவர்தானோ என்று ஓடினேன்.

ஒன்றரை மாதம் கழித்து வந்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது. ஆனால் கூரையின் ஒரு பக்கத் தகரம் ரிவெட்டெல்லாம் தெறித்து எழும்பியிருந்தது. அது பறந்துபோகாமல் என் கிளாம்ப்புகள்தான் அமுக்கிப் பிடித்திருந்தன. மாரியப்பன் ஏறிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"பாய், நான் கூரை மாட்டுனேன், நீரு வயர் மாட்டுனீரு. கடைசில உம்ம வயருதானே என் கூரையைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கு!"

அன்றிலிருந்து எதைக் கட்டினாலும் இறுக்கிக் கட்டுவதே என் வழக்கமாகிவிட்டதால், எங்கள் வீட்டுத் துணிக்கொடியை அவிழ்க்கக்கூட இப்போது கட்டிங் பிளேயர் தேவைப்படுகிறது.