கிராணியின் காரும் விமானத்தின் வாலும்

கலும்பாங் பக்கம் போய் நாராயணசாமி வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘நம்பர் பிளேட்’ நாராயணசாமி என்று கேளுங்கள், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வந்து கதை சொல்வார்கள்.

கதை இதுதான். மனிதர் ஒரே தோட்டத்தில் பதினெட்டு வருடம் ஆறு சக்கர லோரியில் செம்பனைக் குலை ஏற்றியவர். ஒரு நாள் திடீரென்று பத்து சக்கர லோரியைக் கொடுத்தார்கள். அதே கம்பெனி, அதே கேபின். ஸ்டியரிங், மீட்டர், கிழிந்த சீட்டு எல்லாம் அச்சு அசல் பழையது மாதிரியே. கையும் காலும் பழைய லோரி என்றே நம்பிவிட்டன. ஆபீஸ் வளைவில் வழக்கமான இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடித்தார். வளைவின் உள்பக்கம், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி புனிதன் வாங்கி மூன்றே நாளான கார் நின்றிருந்தது. லோரியின் பின்பாகம் அதன் மூஞ்சியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது. இவருக்கு எங்கே தெரிந்தது! பாட்டுக் கேட்டுக்கொண்டே எண்ணெய் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் பின்னால் பம்பரும் நம்பர் பிளேட்டும் தொங்குவதைக் கண்டுபிடித்தார்கள். மானம் கப்பலேறும் என்பார்கள். இவருடைய மானம் லோரியிலேயே போய் இறங்கியது.

வேலை போனது. ஐந்து வருடமாகப் புக்கிட் செந்தோசாவில் ஒரு கிடங்குக்குக் காவல். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனைவி லீலாவதி சாவியை நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். கேட்டால், “கை வலிக்குது லா” என்பார். பயம் என்று சொல்ல வாய் வராது.

இப்படி இருந்தவருக்கு யூடியூப்பில் ஞானோதயம் வந்தது. ஒரு விமானக் கம்பெனி தன் சின்ன விமானத்துக்கும் பெரிய விமானத்துக்கும் விமானி உட்காரும் காக்பிட்டைக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வைத்திருக்கிறதாம். அதே திரை, அதே பொத்தான், ஸ்டியரிங்குக்குப் பதில் பக்கவாட்டில் அதே குச்சி. சின்னதை ஓட்டுகிறவர் சில நாள் பயிற்சியிலேயே பெரியதுக்கு மாறிவிடலாமாம். நாராயணசாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“பாத்தியா லீலா. படிச்சவனே ஒரே கேபின்தான் வெக்கிறான். உள்ள உக்காந்திருக்கிறவனுக்குப் பின்னால எவ்ளோ நீளம்னு எப்படித் தெரியும்? தப்பு என்னுது இல்ல, கேபினோடது.”

“அப்ப அந்தக் கேபினையே புடிச்சு வேலைய விட்டுத் தூக்கியிருக்கலாம்” என்றாள் லீலாவதி.

அன்றிலிருந்து பின்னறை விமானமானது. பலகையில் அடித்த காக்பிட், பழைய கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு, குச்சிக்குப் பதில் விளையாட்டுக் கடையில் வாங்கிய ஒன்று. சின்ன விமானத்தைத் தினமும் பூப்போல இறக்கினார். ஒவ்வொரு முறையும் தரை நெருங்கும்போது கம்ப்யூட்டர் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, “ரிட்டார்ட், ரிட்டார்ட்” என்னும்.

“ஏங்க, மெஷினே ஒங்களை முட்டாள்னு திட்டுதே” என்றாள் லீலாவதி.

“த்ராட்டில பின்னுக்கு இழுன்னு அர்த்தம். வேகத்தைக் குறைக்கணும்.”

“நான் சொன்னா மட்டும் கோவம் வருது.”

இந்த நேரத்தில்தான் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. லோரி ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. சனிக்கிழமை பத்து சக்கரத்தில் ஒரு நடை ஓட்டிக் காட்டினால் வேலை. பார்த்து முடிவு சொல்லப்போவது கிராணி புனிதன். இந்த முறையும் இடித்தால், இந்த வட்டாரத்தில் ஒருத்தனும் அவரை நம்பித் தள்ளுவண்டிகூடக் கொடுக்கமாட்டான். அது நாராயணசாமிக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மனத்தைத் தேற்றிக்கொள்ள முதல்முறையாகப் பெரிய விமானத்தை எடுத்தார். அதே காக்பிட்தானே என்ற திமிர். கண்ணுக்கு இன்னும் உயரம் இருப்பதாகத்தான் பட்டது. அதற்குள் எங்கோ பின்னால் கிடந்த சக்கரம் தரையில் மோதியது. பதறி மூக்கைத் தூக்கினார். வால் ஓடுபாதையில் உரசியது. திரை இருண்டுவிட்டது.

கேபின்மேல் நாராயணசாமி போட்டிருந்த வழக்கு அங்கேயே தள்ளுபடியானது.

“கேபினு ஒண்ணுதான் லீலா” என்றார் கடைசியில். “நான்தான் பின்னால இருக்கிறதை மறந்துட்டேன். எனக்குப் பயமா இருக்கு.”

அந்த ஒரு வார்த்தைக்காக ஐந்து வருடம் காத்திருந்தவள் அவள். பதிலுக்குக் கிண்டல் செய்யவில்லை. “நாளைக்கு நானும் வரேன்” என்றாள்.

சனிக்கிழமை லோரியில் ஏறுமுன் நாராயணசாமி அதன் தலையிலிருந்து வால்வரை இரண்டு முறை நடந்தார். பக்கத்துச் சீட்டில் லீலாவதி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்தாள். குலை ஏற்றி ஆபீஸ் பக்கம் வந்தார்கள். வளைவின் உள்பக்கம், அதே இடத்தில், கிராணியின் கார். வேண்டுமென்றேதான் நிறுத்தியிருக்கிறான், பாவி. வாசலில் நின்றுகொண்டிருந்த புனிதனின் முகத்தில் ஈயாடவில்லை.

நாராயணசாமியின் கை பழைய இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடிக்கத் துடித்தது.

“ரிட்டார்ட்” என்றாள் லீலாவதி, அந்த மெஷினின் குரலிலேயே. “ரிட்டார்ட்.”

ஆக்சிலேட்டரில் இருந்த கால் தானாக எழுந்தது. லோரி தவழ்ந்தது. பழைய இடம் கடந்தது. இன்னும் கொஞ்சம் நேராகப் போனார். இன்னும் கொஞ்சம். அதன் பிறகுதான் ஒடித்தார். கண்ணாடியில் பின்சக்கரங்கள் காரை ஒரு முழம் தள்ளிக் கடந்து போயின.

புனிதன் ஓடிப்போய் பம்பரைத் தடவிப் பார்த்தார். பிறகு திங்கட்கிழமை ஆறு மணிக்கு வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

நாராயணசாமி மில்லுக்குப் போகிற பாதையில் திரும்பினார். பாட்டுப் போடவில்லை.

“இனிமே தெனமும் நீ கூட வருவியா?” என்றார்.

“எனக்கு வேன் இருக்கு” என்றாள் லீலாவதி. “நீங்களே உங்களைத் திட்டிக்குங்க.”