தட்டில் மட்டும் கேட்ட மருந்து

புனேயை ஒட்டிய கடக்வாஸ்லா அணைப் பக்கம் மக்கிய இலை அள்ள என்னைப் பைக்கில் கூட்டிப்போனது என் அண்ணன். அவனுக்கு அங்கேயே பக்கத்துச் சாகணில் கார் தொழிற்சாலையில் வேலை. வாரத்தில் ஒருநாள்தான் ஓய்வு. "இந்தக் குப்பைக்கா பிஎச்டி தர்றாங்க?" என்று வழியெல்லாம் சிரித்தான்.

அந்தக் குப்பையில் வளர்ந்த ஒரு பூஞ்சையின் சாறுதான் புனேயில் என் ஆராய்ச்சி. தனியாக விட்டால் அது எதையும் கொல்லாது. ஆனால் நோய் உண்டாக்கும் ஈஸ்ட் ஒன்று தனக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளித் தப்பித்துக்கொள்ளும்; அந்தத் தள்ளலை இந்தச் சாறு நிறுத்திவிடும். பிறகு அதே பழைய மருந்து கேட்கும். ஈஸ்ட் வெள்ளையாய்ப் படர்ந்த ஆய்வகத் தட்டில் முதல்முறை ஈஸ்ட் செத்துத் தெளிந்த வட்டம் விழுந்தபோது அண்ணனுக்குத்தான் போன் செய்தேன். ஷிப்டில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டான்.

மறுவருஷம் குடல் ஆபரேஷன் முடிந்து ஐசியூவில் கிடந்த அவன் ரத்தத்தில் அதே இனத்து ஈஸ்ட் ஏறியது. முதல் மருந்து கேட்கவில்லை. இரண்டாவது மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்ததால் நிறுத்திவிட்டார்கள். அண்ணி என்னை வராந்தாவுக்கு இழுத்துப்போனாள்.

"நீ கண்டுபிடிச்சது இதுக்குத்தானே? கொண்டா."

"இன்னும் எலிக்குக்கூடக் குடுத்துப் பாக்கலை அண்ணி. அதுல என்னென்ன இருக்குன்னே முழுசாத் தெரியாது. விஷமாக்கூட இருக்கலாம்."

"செத்துக்கிட்டிருக்கிறவருக்கு இனிமே என்ன விஷம்?"

"ரத்தத்துல ஏத்த முடியாது அண்ணி."

"அவர் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே. எதுக்கு?"

நான் சொன்னது சரி. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அந்த வாரமே அண்ணன் போய்விட்டான்.

காரியம் முடிந்து ஆய்வகம் போனால், என் கட்டுரை ஏற்கப்பட்டதென்று இனிப்புப் பேடா வைத்திருந்தார்கள். வாங்கி மேஜையில் வைத்தேன். எறும்பு மொய்த்தது. பிற்பாடு மருந்துக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "தனியா ஒண்ணும் செய்யாத பொருளை எப்படி மேடம் விக்கிறது?" என்றார். எலிச் சோதனைக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே திட்டத்தை மூடிவிட்டார்கள்.

இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பண்டிகைக்கு அண்ணி வீட்டுக்குப் போவதை விடவில்லை. டீ கொடுப்பாள். உட்காரச் சொல்வதில்லை. நின்றுகொண்டே குடித்துவிட்டு வருகிறேன்.