அத்தர் மாமா கொண்டுவந்த தண்ணீர்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் அத்தர் என்று பெயர். ஊர்ச் சாக்கடையெல்லாம் போய்ச் சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில் அவருக்கு வேலை, அதுதான் கேலி. மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். "அத்தர் வந்தாச்சு, மூக்கைப் பொத்திக்கங்க" என்று தானே சொல்லிக்கொண்டு நுழைவார். குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் குளிக்காமல் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்ததில்லை. "தோலை உரிச்சுடாதீங்க, அது எனக்கு வேணும்" என்பாள் அக்கா.

அவளுக்குச் சர்க்கரை வியாதி. செருப்புக் கடித்த புண் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்தார்கள். அப்படியும் காய்ச்சல் இறங்கவில்லை. பெரிய டாக்டர் மாமாவைக் கூப்பிட்டு, இந்தக் கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை, ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்.

அப்போதுதான் லேப் அம்மா வந்தார். கிருமிகளை வளர்த்துப் பார்ப்பது அவர் வேலை.

"கிருமியைத் தின்னுற வைரஸ் இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சது. ஆன்டிபயாடிக் வந்ததும் பாதிப் பேர் மறந்துட்டாங்க. சாக்கடையிலதான் அது நிறைய கிடைக்கும். இவங்க கிருமிக்குப் பொருந்துறது கிடைச்சா, பிரிச்செடுத்து ஊசியா போட்டுப் பாக்கலாம். தண்ணி கொண்டு வர்றீங்களா?"

மாமா முகத்தை அன்று பார்க்க வேண்டுமே! "வேற யாரைக் கேக்கணும்? என் வீட்டுச் சொத்தாச்சே!" என்று அழுகையும் சிரிப்புமாக ஓடினார்.

கேன் நிறையக் கொண்டுவந்தார். லேப் அம்மா அக்காவின் கிருமியைத் தட்டில் வளர்த்து, அதன்மேல் அந்தத் தண்ணீரைச் சொட்டினார். வைரஸ் இருந்தால் கிருமி செத்து அங்கங்கே ஓட்டை விழுமாம். ஒன்றும் விழவில்லை. மாமா மறுபடி கொண்டுவந்தார், மறுபடியும் இல்லை. அக்காவுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. கூடப் பிறந்த என்னையே யார் என்று கேட்டாள்.

அடுத்த கேனைத் திறந்த லேப் அம்மா முகர்ந்து பார்த்தார். நாற்றமே இல்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"இது எங்க எடுத்தீங்க?"

"கடைசித் தொட்டியில, மேடம். கண்ணாடி மாதிரி இருக்கும், குளோரின் போட்டது" என்றார் மாமா பெருமையாக. "அவ உடம்புக்குள்ள போறதாச்சே? அதான் வீட்டுல துணி கட்டி வடிச்சு, நல்லா கொதிக்க வச்சு, ஆற வச்சுக் கொண்டு வந்தேன். மூணு தடவையும் அப்படித்தான்."

லேப் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். குளோரின் போட்டாலும், கொதிக்க வைத்தாலும் அந்த வைரஸும் பிழைக்காது என்று மெதுவாகச் சொன்னார். எந்தத் தொட்டித் தண்ணீர் வேண்டும் என்று முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? எனக்கு ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. மாமா யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. நேரே போய், சாக்கடை வந்து விழும் இடத்திலேயே இறங்கி, கறுப்பாக ஒரு கேன் மொண்டு வந்தார்.

அந்தத் தண்ணீருக்குத் தட்டில் ஓட்டைகள் விழுந்தன. லேப் அம்மா போன் பண்ணியபோது, அக்காவை அடக்கம் பண்ணிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். விஷயம் அவருக்கும் தெரியும். "கிடைச்சிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். "வேற யாருக்காவது உதவும். பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்."



"யாரும் கொதிக்க வச்சிடாம பாத்துக்கங்க, மேடம்" என்றார் மாமா.