காதர் பாய் துடைத்த தூசி

செவ்வாய்க்கிழமை காலை கொடைக்கானல் மூஞ்சிக்கல் பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ரொட்டிக்கடை சுல்தான் வந்து, "மெக்கானிக் காதர் பாய் மௌத்தாயிட்டாருங்க" என்றார். முதலில் எனக்குத் துக்கம் வரவில்லை. 'அப்பாடா, இனி அந்த விஷயம் யாருக்கும் தெரியாது' என்றுதான் தோன்றியது. த்தூ, நானும் ஒரு மனுஷன்! கடைசி நாலு வருஷம் நம் பஜாரில் பாய்க்கு இருந்த கெட்ட பேர் என்னால் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் காப்பித் தோட்டம் ஒன்றில் டிரைவர். தன் நாட்டுக்கே திரும்பக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் முதலாளி ஒரு பழைய பிக்கப் வாங்கினார். அதில் ஏ.சி. பெட்டி இருந்தது. கொடைக்கானலில் ஏ.சி.யா என்று சிரிக்காதவர் இல்லை. ஆனால் முதலாளியம்மாவுக்கு இருதயக் கோளாறு. மாதம் ஒருமுறை மதுரை டாக்டரிடம் போக வேண்டும். கீழே வெக்கை பட்டால் மயங்கிவிடுவார். அந்தப் பெட்டியை நம்பித்தான் அவர் மலை இறங்கினார். அதில் கேஸ் கசிய ஆரம்பித்தது.

பாய் குழாய் ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுவார். கசிவு இருந்தால் நுரை கொப்பளிக்கும். பார்த்து முடித்ததும் துடைத்துவிடுவார். மலையில் மூன்று முறை தடவியும் ஒன்றும் தெரியவில்லை. "இந்தக் குளிருல கேஸ் ஒடுங்கிக் கெடக்குங்க. வெயில்ல இன்ஜினை ஓட விட்டாத்தான் கசியிற எடம் தெரியும்" என்றார். அன்று வெள்ளிக்கிழமை, அவருக்குத் தொழுகை. "நீங்களே கீழ எறங்கி வத்தலக்குண்டுல நிப்பாட்டிப் பாத்துட்டு வாங்க. அஞ்சு ஜாயின்ட்டு. ஒண்ணையும் விட்ராதீங்க" என்று ஒரு சவர பிரஷ்ஷையும் சோப்புத் தண்ணீரையும் கொடுத்தார்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம், உச்சி வெயில். இரண்டு ஜாயின்ட் தடவியிருப்பேன், கூட்டம் கூடிவிட்டது. "ஏலே, இங்க பாருங்கடா, டிரைவரு வண்டிக்குச் சவரம் பண்றாரு!" என்று ஒருத்தன் கத்த, ஒரே சிரிப்பு. எனக்கு மானம் போய்விட்டது. பானட்டை மூடிவிட்டுக் கிளம்பினேன். மேலே வந்து, "அஞ்சும் பாத்துட்டேன் பாய், நுரையே இல்ல" என்றேன். அவர் நம்பினார். அப்படியானால் கம்ப்ரெஸர் சீல்தான் போயிருக்கும் என்று அதை மாற்றி, கேஸ் நிரப்பினார். "இனி அம்மாவைத் தைரியமாக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது, நிலக்கோட்டைக்கு முன்பே பெட்டியிலிருந்து அனல் காற்று வந்தது. அம்மா முதலாளியின் தோளில் சாய்ந்துவிட்டார். வத்தலக்குண்டுக்குத் திருப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஏதோ புண்ணியம், பிழைத்தார்.

மறுநாள் பாய் பஸ்ஸில் வந்து பானட்டைத் திறந்தார். இரண்டு ஜாயின்ட்டில் சோப்புக் காய்ந்த வெள்ளைத் தடம். மற்ற மூன்றிலும் தூசி. மூன்றாவதில் சோப்பு வைத்ததும் நுரை பொங்கியது. என்னை ஒருமுறை பார்த்தார். முதலாளி வருவதைக் கண்டதும் கந்தல் துணியை எடுத்து ஐந்தையும் அழுத்தித் துடைத்தார்.

"யாருய்யா இதைப் பாத்தது?" என்றார் முதலாளி.

"நான்தாங்க. அசட்டையா விட்டுட்டேன்" என்றார் பாய்.

மலைக்குத் திரும்பிய பிறகும் முதலாளி அவரைப் பஜார் நடுவில் வைத்து ஏசினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் பாய் என்று பிறகு கேட்டேன். "உங்க வீட்டுல மாசமா இருக்காங்க. வேலை போனா, தோட்டத்துல குடுத்த வீடும் போயிரும். எனக்குக் கடை இருக்குல்ல, விடுங்க" என்றார். அந்தக் கடைக்குத்தான் அதன்பின் வண்டிகள் வரவில்லை. காலையில் வெள்ளனே திறந்துவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டால், "டீ சாப்பிடுங்க டிரைவர்" என்பார். வெட்கங்கெட்டவன், குடித்துவிட்டு வருவேன்.

அடக்கத்தின்போது என் பக்கத்தில் நின்றவர், "நல்ல மனுசன்தான், தொழில்லதான் கவனம் பத்தாது" என்றார். கையில் பிடி மண்ணோடு நின்ற நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

அவரைத் தெரிந்தவர்களே, காதர் பாய் அந்த வேலையில் தவறவில்லை. தவறியவன் நான், பொய் சொன்னவனும் நான். அவரால் என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த வேலையும் என் மகள் பிறந்த இந்த வீடும்தான். இதை முதலில் படிக்கப்போகிறவர் என் முதலாளி. காலி பண்ணச் சொன்னால் பண்ணிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்பே போயிருக்க வேண்டிய வீடு.