சாவி போடும் முன் இரண்டு சுற்று

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் சொந்தக்காரரைப் பார்த்து, "இது ஒருநாள் நடுவழியில் நிற்கும்" என்று சொல்லி ஏச்சு வாங்குவதுதான் டைமிங் பெல்ட் மாற்றுகிறவன் தொழில். எனக்கு இது பழகிய வேலை. ஒர்க்‌ஷாப்புக்கு வருமுன் ஊர் ஊராக நோட்டீஸ் கொடுத்து, இப்படியே போனால் எல்லாம் நின்றுபோகும் என்று சொல்லித் திரிந்தவன் நான். அப்போதும் அதிகம் பேர் கேட்கவில்லை. கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் என்னை அழைப்பதே 'சமரம்' என்றுதான். எங்கள் பக்கத்தில் போராட்டத்துக்கு அதுதான் சொல். நோட்டீஸ் அடித்த எங்கள் சங்கம் கரைந்தது. உடன் கோஷம் போட்டவர்களில் சிலர் வளைகுடாவுக்குப் போனார்கள், சிலர் பதவிக்குப் போனார்கள். நான் தாஸின் ஒர்க்‌ஷாப்பில் காருக்கு அடியில் போனேன். பழைய கார் வைத்திருக்கும் தோழர்களே, அதைப் பழுதுபார்க்கும் தோழர்களே, நம் பாடு நமக்குத்தான் தெரியும்.

வண்டி ஓடுதில்லா?

ஆரியங்கோட்டிலிருந்து ஒரு ரப்பர் தோட்டக்காரர் ஆயில் மாற்ற வந்தார். பெல்ட்டையும் மாற்றும் காலம் வந்துவிட்டது என்றேன். "வண்டி ஓடுதில்லா? பின்னே எதுக்கு?" என்றார். விளக்கினேன். எஞ்சினின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே தாளத்தில் சுற்றுவதற்காகப் பல் வைத்த ஒரு ரப்பர் பட்டைதான் அது. அது அறுந்தால் கீழிருந்து ஏறும் பிஸ்டன், மேலே திறந்து நிற்கும் வால்வை முட்டி வளைத்துவிடும். பிறகு வண்டி வாரக்கணக்கில் படுத்துவிடும். அறுவதற்கு முன் அது முனகாது, புகையாது. மனிதர்களிலும் அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன்.

அவர் மூடியைக் கழற்றச் சொல்லி, பெல்ட்டை விரலால் வருடிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பார்வைக்கு நன்றாக இருப்பதுதான் ஆபத்து என்று ஆரம்பித்தேன். என் பேச்சைக் கேட்டுச் சிறைக்கு வந்தவர்கள் உண்டு, இவர் அசையவில்லை. பெல்ட்டை ஒருமுறை பாசத்தோடு தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இது எனக்க மரத்தில இருந்து போன ரப்பராக்கும். எனக்குச் சதி செய்யாது."

பெண் மட்டும் போதும்

காட்டாக்கடையில் டாக்சி ஓட்டும் ஒருவர் பெல்ட் மாற்ற ஒப்புக்கொண்டார். ஆனால் பெல்ட் மட்டும். அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும், அதே பெல்ட் சுற்றிவிடும் வாட்டர் பம்பும் பழையதே இருக்கட்டும் என்றார். ஒன்றாக உழைத்துத் தேய்ந்தவர்களை ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. தாஸ் என் கையைப் பிடித்து, "எலே, பிரசங்கம் போதும். சொன்னதைச் செய்" என்றான். செய்தோம்.

மழை வருமுன் வண்டி கயிற்றில் கட்டி இழுத்து வரப்பட்டது. பழைய பம்ப் கசிந்து, புது பெல்ட் நனைந்து ஊறிப் பல் உரிந்துவிட்டது. நல்ல காலம், சத்தம் மாறியதும் மனிதர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்; வால்வு தப்பியது. கசிந்த பம்ப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். தானாகவே ஒப்புக்கொண்டார்: "பெண்ணை மட்டும் கெட்டிட்டு வரலாம்னு பாத்தேன் அண்ணே. மாமியாரு அடுத்த பஸ்ஸில ஏறி வந்துட்டா."

சொந்தக்காரர் கை

புது பெல்ட் போட்டதும் உடனே சாவி போடக்கூடாது. நீண்ட கைப்பிடி மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு பல் தவறியிருந்தால் கையில் தெரியும், அல்லது வெள்ளை பெயிண்டில் வைத்த குறிகள் ஒன்று சேராது. எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் கூடுதல்: அந்தச் சுற்றுக்கு வண்டியின் சொந்தக்காரரும் கைப்பிடியில் கை வைக்க வேண்டும்.

இது நான் கொண்டுவந்த சட்டம். உழைப்பு எவ்வளவு கனம் என்று உடைமைக்காரரும் ஒருமுறை அறியட்டும் என்பது நோக்கம். வெள்ளை வேட்டிக்காரர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். சுற்றி முடித்ததும் ஏதோ பிரசவம் பார்த்ததுபோல் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ் மட்டும் கேட்காமலே வந்து பிடித்தார். கண்ணை மூடிச் சுற்றினார், நாடி பார்ப்பதுபோல். தாஸுக்கு இதெல்லாம் சிரிப்பு. வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படிச் சொல்வான்: "முதலாளியை வேல செய்ய வைக்கிற ஒரே ஒர்க்‌ஷாப்பு இதாக்கும். நம்ம சமரத்துக்க புரட்சி இந்தக் கைப்பிடி வரைக்கும் வந்திட்டுண்டு."

இல்லாத பிரேக்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ராஜம் அக்கா டீசல் காரை ஓட்டி வந்தார். தலை நரைத்த பிறகு லைசன்ஸ் எடுத்தவர். காரணம் பக்கத்து சீட்டில் இருந்தது: அவர் கணவர் செல்லப்பன், அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி திருவனந்தபுரத்தில் டயாலிசிஸ். முடிந்து வரும்போது பஸ் படி ஏறவோ ரயிலில் நிற்கவோ உடம்பில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. வழி முழுக்க அக்கா ஓட்டுவார். பக்கத்தில் செல்லப்பன் தன் காலடியில் இல்லாத பிரேக்கைச் சவுட்டி மிதித்துக்கொண்டே வருவார். இப்போது எஞ்சினில் காலையில் ஒரு கீச்சுச் சத்தம். மூடியைக் கழற்றினால் டென்ஷனர் பேரிங் ஆடுகிறது, பெல்ட் எப்போது மாற்றியது என்று இருவருக்குமே நினைவில்லை. நாளைக் காலை அவர்கள் புறப்பட்டாக வேண்டும். இன்று வால்வு வளைந்தால் நாளை என்ன, அடுத்த மாதமும் வண்டி எழாது.

செல்லப்பனை எனக்குத் தெரியும். தமிழ்ப் பள்ளிக்கு வாத்தியார் கேட்டு நாங்கள் பாறசாலையில் மறியல் செய்தபோது நான் ரோட்டில் படுத்தேன். அவர் பஸ் என் தலைமாட்டில் வந்து நின்றது. இறங்கி வந்தார், கண்டக்டரை அழைத்து என்னைக் கை ஒன்றும் கால் ஒன்றுமாகத் தூக்கி, புளிய மரத்தடியில் கிடத்திவிட்டு பஸ்ஸை எடுத்துப் போய்விட்டார். அவர் பிள்ளையும் அந்தப் பள்ளியில்தான் படித்தது! மறுநாள் 'கருங்காலி செல்லப்பன்' என்று தலைப்பிட்டு நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். அன்றிலிருந்து பேச்சில்லை. இப்போதும் அவர், "ராஜம், சாயங்காலம் வண்டி கிட்டுமான்னு கேளு" என்றார். நான், "கிடைக்கும்னு சொல்லுங்க அக்கா" என்றேன். இருவருக்கும் இடையில் ஒரு முழம்தான் தூரம். அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தார்: "இவருக்க பஸ்ஸில ஒருநாளும் ஓசியில ஏறாதவளாக்கும் நான். இப்பம் ரெண்டு பேருக்கும் நடுவில கண்டக்டர் வேல பாக்குதேன்."

சுவர்

டென்ஷனர், வாட்டர் பம்ப், பெல்ட் மூன்றையும் அன்றே மாற்றினோம். இருவரும் வீட்டுக்குப் போகாமல் பெஞ்சிலேயே இருந்தார்கள். உப்பில்லாமல் கொண்டுவந்திருந்த கஞ்சியை அக்கா அவருக்குக் கொடுத்தார். எனக்கும் தாஸுக்கும் வழக்கமான சண்டை நடந்துகொண்டிருந்தது, மறியலால் எதுவும் நடந்ததுண்டா என்று. நடந்தது என்று நான் கத்த, இல்லை என்று அவன் கத்த, அந்தச் சூட்டில் பெல்ட் சுற்றும் மேல் சக்கரத்தை நகராமல் பூட்டி வைத்திருந்த போல்ட்டை அவன் உருவிவிட்டான். பெல்ட் இன்னும் இறுகியிருக்கவில்லை. சக்கரம் நழுவியதை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

கைப்பிடி மாட்டியதும் அக்கா எழுந்தார். செல்லப்பன் அவரைத் தடுத்துவிட்டுத் தானே வந்தார். ஊசி ஏறும் இடது கையில் பாரம் கூடாது. வலது கையை வைத்தார். பலம் போதவில்லை என்பதால் பக்கத்தில் என் கையையும் வைத்தேன். பஸ் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை, இப்போது காகிதம்போல் இருந்தது. கால் சுற்று வந்தது. பிறகு தடுத்தது. தடை வந்தால் இன்னும் ஓங்கி இழு என்று நோட்டீஸ் படித்து வளர்ந்தவன் நான். இழுக்கப் போனேன்.

"ஓய், நில்லும்."

இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் சொல்.

"கம்ப்ரஷன்தான், உள்ளே காற்று அமுங்குது. இழுத்தா வரும்" என்றேன்.

"கம்ப்ரஷனு தலையணை கணக்கா வழிவிடும். இது சுவரு. கையை எடும் ஓய்."

எடுத்தேன். தாஸ் டார்ச் அடித்துப் பார்த்தான். மேல் குறி கீழ்க் குறியை விட்டு எங்கோ நின்றது. நான் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் வால்வு வளைந்திருக்கும். கழற்றி, சக்கரத்தைப் பூட்டி, முதலிலிருந்து போட்டோம். மறுபடி இரண்டு கைகள். இரண்டு சுற்று. ஒவ்வொரு முறையும் தலையணைபோல் அமுங்கி வழிவிட்டது. குறிகள் சேர்ந்தன. அக்கா சாவி போட்டார். கீச்சுச் சத்தம் இல்லை. செல்லப்பன் வண்டியின் மூக்கில் உள்ளங்கையை வைத்து அதன் அதிர்வைக் கேட்டுக்கொண்டு நின்றார். நாளைக்கு அவர் டயாலிசிஸுக்கு நேரத்தில் போய்விடுவார்.

நான் கதவைத் திறந்து பிடித்தேன். ஏறி உட்கார்ந்து, காலை அந்த இல்லாத பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டு, முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "உம்ம நோட்டீசு நான் வாசிச்சேன் ஓய். பிரேக்கைச் சவுட்டினது ஆருன்னு அதில ஒரு வரி இல்ல."

விட்டுப்போன அந்த வரியை இங்கே சேர்த்துவிட்டேன் தோழர்களே, அன்று என் தலைமாட்டில் பிரேக்கைச் சவுட்டியவர் செல்லப்பன்தான். 'கருங்காலி' என்றதை மட்டும் நான் வாபஸ் வாங்கவில்லை.