தட்டில் காய் இருக்கும்போது

போடி பஜாரில் ஏலக்காய் வாங்கி விற்கும் கமருதீன் கோபக்காரர். மூட்டையைப் பிரித்து ஒரு காயைக் கடித்துப் பார்த்துவிட்டு, "பச்சை மாறாம இருக்க என்னத்தையோ தெளிச்சிருக்க, கொண்டு போ" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடுவார். சொன்னது தவறு என்று தெரிந்தாலும் அதே வேகம்தான். ஜீப் ஏறி மலை மேலுள்ள குரங்கணிக்குப் போய், அந்த ஆளின் தோட்டத்தில் நின்று, "நேத்து நான் சொன்னது தப்பு" என்பார். அதையும் சண்டைக்கு வந்தவர் போலவே சொல்வார். மூட்டை தூக்க பஜாருக்கு வந்து, தூக்கிய மூட்டைகளிலிருந்தே காயைப் படித்தவர். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அந்தத் தெருவின் பழைய கடைகள் எல்லாவற்றிலும் அது உண்டு. தோட்டக்காரர் மூட்டையை இறக்கியதும் கடைக்காரர் ஒரு கை காயை அள்ளிப் பித்தளைத் தட்டில் பரப்புவார். விலைப் பேச்சு தொடங்கும். அந்தக் காய் தட்டில் கிடக்கும்வரை பேச்சு உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதுவரை தோட்டக்காரர் அதே சரக்கை அடுத்த கடையில் காட்டக் கூடாது. கடைக்காரர் மூட்டையை நகர்த்தக் கூடாது. ஒத்துவரவில்லை என்றால் இருவரில் ஒருவர் தட்டுக் காயை அள்ளி மூட்டையில் திருப்பிப் போட வேண்டும். அதற்குப் பிறகு யார் என்ன செய்தாலும் கேள்வி இல்லை.

ஒரு பெரிய எஸ்டேட்காரர் ஒருமுறை இதை மீறினார். கமருதீன் தட்டில் காய் கிடக்கும்போதே சரக்கை வேறொருவருக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் பஜாரில் அவர் மூட்டையை ஒருவரும் பிரிக்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்த்தான் விற்றார்.

கமருதீனின் ஒரே மகன் இஜாஸ் வளைகுடாவில் ஒரு துறைமுகக் கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்தான். மனைவி முஸ்கான் போடியில், மாமனார் வீட்டில். அந்த நாட்டுக்கும் அதைவிடப் பெரிய இன்னொரு நாட்டுக்கும் பகை முற்றி, மூன்றாவது நாடொன்றில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன. இரண்டு சுற்று முடிந்திருந்தது. அடுத்த சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று அறிவித்திருந்தார்கள்.

அந்த வாரம் இஜாஸ் போன் செய்தான்.

"அத்தா, இங்க பாதிப் பேரு ஊருக்குக் கெளம்பிட்டாங்க. பிளேன்ல எடம் இருக்கு. வரவா?"

கமருதீன் பக்கத்தில் நின்ற மருமகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

"வெரசா வரச் சொல்லுங்க மாமா."

கமருதீன் போனுக்குத் திரும்பினார். "சொல்லாமக் கொள்ளாம வந்தா அந்த எடத்துல வேற ஒருத்தன் உக்காந்துருவான். ஞாயித்துக்கெழம மறுபடி பேசுறாங்க. பேச்சு நடக்கையில எவன்டா அடிப்பான்? இரு."

இஜாஸ் இருந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவர் டீக்கடைத் தொலைக்காட்சியில் அந்தத் துறைமுகத்தைப் பார்த்தார். எண்ணெய்த் தொட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. பெரிய நாடு விமானங்களை அனுப்பியிருந்தது. திரையின் அடியில், 'ஞாயிற்றுக்கிழமை பேச்சுவார்த்தை நடைபெறுமா?' என்று எழுத்து ஓடியது.

"நடைபெறுமாவாம்!" கமருதீன் கத்தினார். "தட்டுல காயை வச்சுக்கிட்டே கடையைக் கொளுத்திட்டான். இன்னும் நடைபெறுமாவாம்!"

இஜாஸின் போன் அணைந்து கிடந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மேலெல்லாம் கமருதீன் எரிந்து விழுந்தார். வீட்டுத் தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட ஒருவர், இரு நாடுகளுக்கும் இடையில் நம்பிக்கை வளரவில்லை, பேச்சு தோற்றுவிட்டது என்று விளக்கினார். "தோத்துச்சுன்னு எப்பச் சொன்னான்? காயைத் திருப்பிப் போட்டானா? சொல்லிட்டு அடிச்சிருந்தா எம் மகன் ஓடியாச்சும் இருப்பான்!" பெட்டியில் இருந்தவருக்கு அது கேட்கவில்லை. முஸ்கான் எழுந்து போய் அதை அணைத்தாள்.

திங்கட்கிழமை இஜாஸ் பேசினான். உயிரோடு இருந்தான். கிடங்கின் கூரை சரிந்ததில் விலாவில் அடி. இடது காது கேட்கவில்லை. விமான நிலையம் மூடிக் கிடந்தது.

"அத்தா, பேச்சு ஆரம்பிச்ச வாரமே அந்தப் பெரிய நாட்டுக் கப்பலெல்லாம் ஒண்ணொண்ணா எங்க துறைமுகத்த விட்டுக் கெளம்பிருச்சு. அவனுக தூதரகத்துல இருந்த பொம்பள பிள்ளைகளயும் அனுப்பிட்டாங்க. லோடு ஏத்துற எங்களுக்கே தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சா ஏன்டா நீ கெளம்பல?"

"நீங்கதான இருன்னு சொன்னீங்க."

மறுநாள் கமருதீன் கடைக்கு வந்தபோது குரங்கணியிலிருந்து பெரியகருப்பன் மூட்டையோடு காத்திருந்தார். நெடுநாள் சிநேகிதம், உறவு வைத்துக் கூப்பிட்டுக்கொள்பவர்கள். கொச்சியில் உள்ள ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்காகச் சரக்கு எடுக்கும் ஜெகதீஷும் வந்திருந்தார். பெரியகருப்பனின் காயைத் தட்டில் பரப்பிவிட்டுக் கமருதீன் ஜெகதீஷிடம் கேட்டார்.

"இது எங்க போகுது?"

"எப்பவும் போற எடத்துக்குத்தான் பாய்."

"குண்டு போட்டவனுக்கா?"

"அவங்கதான நல்லா வாங்குறாங்க?"

கமருதீன் தட்டைக் கவிழ்த்துக் காயை மூட்டையில் கொட்டினார். "அவனுக்கு இங்க காய் இல்ல."

ஜெகதீஷ் சிரித்தார். "பாய், நீங்க ஏலக்காய் குடுக்கலேன்னு அவன் சண்டைய நிப்பாட்டப் போறானா?"

"நம்ம எஸ்டேட்காரன் மீறுனப்ப தெருவே மூட்டையப் பிரிக்கல. இவன மட்டும் ஏன் விடணும்?"

கடை கடையாகப் போனார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் குண்டு போட்ட நாட்டுக்குப் போகும் சரக்கைத் தொடாதீர்கள் என்று கேட்டார். அவருக்குக் கெஞ்ச வராது. கேட்டதும் திட்டுவது போலத்தான் இருந்தது. ஒருவர், வியாபாரிகள் சங்கத்தில் வைத்துப் பேசலாம் என்றார். ஒருவர், நாம் நிறுத்தினால் நாளைக்கே கவுதமாலா நாட்டுக் காய் போய் இறங்கிவிடும் என்றார். இன்னொருவர் இஜாஸின் காதைப் பற்றி மிகவும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே ஜெகதீஷின் ஆளுக்கு மூட்டையை எடை போட்டார்.

திரும்பி வரும்போது பெரியகருப்பன் எதிர்க்கடையில் நின்றுகொண்டிருந்தார். அவர் மூட்டை லாரியில் ஏறிவிட்டிருந்தது.

"நீயுமா மாப்ளே?"

"கோவிச்சுக்காத மாப்ளே. காய் பழுத்துக் கெடக்கு, ஆளுக்குக் கூலி குடுக்கணும். நீ வாங்குறன்னா ஒனக்கே போட்ருப்பேன். நீதான் கொட்டிட்டியே."

"அந்த எஸ்டேட்காரன அன்னைக்கு ஒதுக்குனமே?"

"அவன ஒதுக்குனா நமக்கு என்ன நட்டம்? அவன் காய் இல்லேன்னா அடுத்தவன் காய். இவன ஒதுக்குனா நம்ம அடுப்புல்ல அணையும்?" பெரியகருப்பனுக்கும் கோபம் வந்துவிட்டது. "தட்டு, காயின்னு பெருசாச் சொல்றியே. தட்டா கட்டிப்போடும்? மீறுனா நாளைக்கு இங்க நிக்க முடியாதுங்கிற பயம்தான் கட்டிப்போடுது. அந்தப் பயம் அவனுக்கு யாரு வைக்கிறது? நீயா, நானா?"

கமருதீன் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு நுழைந்தார். ஒருத்தனுக்கும் வெட்கம் இல்லை, வீரம் எல்லாம் சின்ன ஆளிடம்தான், பேச உட்கார்ந்தவன் சண்டையை நிறுத்தவா உட்கார்ந்தான், கப்பலை வெளியே எடுக்க நேரம் வாங்க உட்கார்ந்தான், முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டு வந்து கை குலுக்கியிருக்கிறான்—

துணி மடித்துக்கொண்டிருந்த முஸ்கான் நிமிர்ந்தாள்.

"நீங்களும் அதத்தான மாமா செஞ்சீங்க?"

அவர் நின்றுவிட்டார்.

"அன்னைக்கு 'நீ என்னம்மா சொல்ற'ன்னு கேட்டீங்க. கேக்கும்போதே அவர இருக்கச் சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. நான் வரச் சொல்லுங்கன்னேன். அது ஒங்க காதுல ஏறுச்சா? கேட்டதா பேரு. அதுக்குத்தான கேட்டீங்க? அங்க உக்காந்திருந்தவனுகள மட்டும் ஏன் ஏசுறீங்க?"

கமருதீனுக்கு ரத்தம் முகத்தில் ஏறியது. இந்த வீட்டில் அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. வாய் திறந்தார். அவள் பார்வையை விலக்கவில்லை. மடித்த சட்டைகள் இஜாஸுடையவை. அவர் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார்.

இஜாஸ் பஸ்சில் எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்குப் போய், அங்கிருந்து கொச்சிக்கு விமானம் ஏறி வந்து சேர்ந்தான். கூட்டிவர முஸ்கான் தன் அண்ணனோடு போனாள். மாமனாரைக் கூப்பிடவில்லை, அவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. போடிமெட்டு மலைப்பாதை இறங்கி ஜீப் வாசலில் நின்றபோது, "அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா" என்றான் இஜாஸ். கமருதீன் சொன்ன பதில் இடப்பக்கத்திலிருந்து வந்ததால் அவனுக்குக் கேட்கவில்லை. அவர் சுற்றி வந்து வலப்பக்கம் நின்று மறுபடி சொன்னார்.

சில வாரங்களில் கிடங்குக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. கூரை போட்டாயிற்று, இரு நாடுகளும் மறுபடி பேசத் தொடங்கிவிட்டன, விருப்பம் இருந்தால் உடனே வந்து வேலையில் சேரலாம். இஜாஸ் போனைத் தகப்பனிடம் நீட்டினான்.

கமருதீன் வாசித்தார். அந்த நாடுகளை, அந்த மேசையை, அந்தக் கை குலுக்கலைத் திட்டுவதற்கு வார்த்தைகள் தொண்டைவரை வந்தன. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் பேசுங்க. நான் வெளிய இருக்கேன்."

வாசலில் நின்றார். உள்ளே குரல்கள் உயர்ந்தன, தாழ்ந்தன. தன் வீட்டுப் பேச்சுக்கு வெளியே அவர் நின்றது இல்லை. இரண்டு முறை உள்ளே போகத் திரும்பினார். இரண்டு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

முஸ்கான் வந்து கதவைத் திறந்தாள்.

"போகல மாமா."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே வந்து, மகனின் வலப்பக்கமாக உட்கார்ந்தார்.