சைலஸ் சத்தமாகச் சொல்ல நினைத்த பெயர்

பஞ்சாலையில் நாள் முழுக்கத் தறியருகே நின்றுவிட்டு வந்தாலும் பக்கத்து வீட்டு சைலஸ் கிரிம்ஷாவுக்கு உட்காரத் தெரியாது. குறுக்கும் நெடுக்கும் நடப்பான். அவன் மரச்செருப்புச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வராது.

நகரங்களில் வாடகைக்குக் குடியிருக்கும் ஆண்களுக்கும் ஓட்டு என்று ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழில் சட்டம் வந்ததும் அவனைப் பிடிக்க முடியவில்லை. அப்போதெல்லாம் ஓட்டுப் போடுகிறவன் ஊர் நடுவே மேடையேறி, வேட்பாளர் பெயரை எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். வார்டில் என்ற எங்கள் ஆலை முதலாளி எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கூலிக்குறைப்பை எதிர்த்துப் பேசியதற்காகச் சைலஸை ஒரு குளிர்காலம் பட்டினி போட்டவர் அவர்.

“அந்தாளு மூஞ்சியப் பாத்து ‘தோர்ன்லி’ன்னு சொல்லணும்டா. வேலை போனா மயிரே போச்சு,” என்பான். தோர்ன்லி, வார்டிலின் ஆளை எதிர்த்து நின்ற வேட்பாளன்.

அடுத்த கோடையில், தேர்தலுக்குச் சில மாதம் முன்னால், அவன் மகள் நான்சிக்குச் செங்காய்ச்சல். கையில் காசில்லை. ஏழைகளுக்கென்று ஊர் வைத்திருந்த மருத்துவர் இலவசமாக வருவார். ஆனால் அவரிடம் ஒரு புட்டி மருந்து வாங்கினாலும் பிச்சை வாங்கியவன் கணக்கு. அந்த வருடம் ஓட்டுக் கிடையாது. இந்தச் சட்டத்தை எழுதிய மகராசன்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சலே வராதுபோல.

“ரெண்டு நாள் பாப்போம்டி. தானா எறங்கிரும்,” என்றான் சைலஸ், நடந்துகொண்டே.

இரண்டு நாளும் பொறுத்த அவன் மனைவி ஹெப்ஸி மூன்றாம் நாள் வழிமறித்தாள். “உன் ஓட்டக் கரைச்சு ஊத்துனா காய்ச்சல் எறங்குமாய்யா? எனக்கு எந்தக் காலத்துல ஓட்டு இருந்துச்சு? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

கதவை எட்டி உதைத்துவிட்டு ஓடினான். மருத்துவரை அவனே கூட்டிவந்தான். நான்சி பிழைத்தாள், இரண்டு காதும் போய்விட்டது. முன்னாலேயே கூப்பிட்டிருந்தால் தப்பியிருக்குமோ என்னவோ. அந்த இரண்டு நாளுக்காக அவன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு. ஓட்டும்தான் போயிற்று.

தறி இரைச்சலில் ஆலைக்காரர்கள் எல்லோரும் உதட்டசைவால்தான் பேசிக்கொள்வோம். நான்சிக்கு நாங்கள் அதைப் பழக்கினோம்.

எழுபத்துநாலில் அடுத்த தேர்தல். தோர்ன்லி மறுபடி நின்றான். அதற்குள் சட்டம் மாறிவிட்டது: தடுப்புக்குப் பின்னால் நின்று தாளில் குறி போட்டு, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். வாயே திறக்கக் கூடாது. எனக்கு நிம்மதியாக இருந்தது. சைலஸ் கூண்டுப் புலியாக வீடு திரும்பினான்.

“யாருக்கும் கேக்கலையேடா!”

நான்சி அவன் முகத்தைத் திருப்பி, யாருக்குப் போட்டாய் என்று உதட்டால் கேட்டாள். அவனும் உதட்டாலேயே சொன்னான்.

“தோர்ன்லியா?” என்றாள் நான்சி. தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. திறந்த கதவு வழியே தெருக்கோடிவரை கேட்டது. அங்கே வார்டிலின் கணக்குப்பிள்ளை திரும்பிப் பார்த்தான்.

ஹெப்ஸி கதவைச் சாத்த ஓடினாள்.

“விடுடி,” என்றான் சைலஸ். “அவ கத்தட்டும்.”